ராணிக்கு இனிஷியல் போட்ட கதை

இண்டர்வியூவில் பொய்யே சொல்லாதவர்கள் யாராவது இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு வேறு நல்ல காரியம் பார்க்கலாம். மற்றவர்களுக்காக என் பொய்யை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், "லினக்ஸ் தெரியுமாம்மா?" என்று கேட்டார்கள். "நல்லாத் தெரியும் சார்" என்றேன். எனக்குத் தெரிந்த லினக்ஸ், கல்லூரி லேப் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பெங்குவின் படம். அதுவும் பாதி கிழிந்தது.

கேட்டவர் மேனேஜர் அத்தாவுல்லா சார். அவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். "வாம்மா" என்றால் எல்லாம் நலம். "வாங்க" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "வாங்க மேடம்" என்று அவர் வாயில் வந்துவிட்டால், அந்த ஆள் மறுநாள் சாப்பாட்டு டப்பாவோடு கம்பெனிக்கு வரத் தேவையில்லை என்று தையல் பிரிவில் பேசிக்கொள்வார்கள்.

வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம், பிறகு நிரந்தரம். வேலூரில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டாள். அப்பா எழுந்து உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்து, தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். பி.எட். விண்ணப்பம். என் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் அவரே எழுதி, என் போட்டோவையும் ஒட்டியிருந்தார். (அந்த போட்டோவில் நான் ஏற்கெனவே நாற்பது வருடம் பாடம் நடத்தியவள் போல இருப்பேன்.)

"ஆறு மாசம் போய்ப் பாரு. நிலைச்சா சந்தோஷம். நிலைக்கலன்னா இதுல ஒரு கையெழுத்து, அவ்ளோதான்" என்றார்.

அப்பா பெயர் ஞானமுத்து, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். பி.எட். முடித்தால் நானும் அதே பள்ளியில், அவருக்குப் பக்கத்து வகுப்பில், அவர் காதுக்கு எட்டும் தூரத்தில் பாடம் நடத்த வேண்டும் என்பது அவருடைய கனவு. எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. எனவே இந்த வேலை நிலைக்க வேண்டும். எப்படியாவது நிலைக்க வேண்டும்.

அப்பாவுக்கு உலகத்தில் பொறுக்க முடியாத குற்றம் ஒன்றே ஒன்றுதான்: இனிஷியல் இல்லாத பெயர். விடைத்தாளில் இனிஷியல் இல்லையென்றால் திருத்த மாட்டார். "இது யார் பெத்த புள்ளன்னு தெரியலையே" என்று தாளைத் தூக்கிக் காட்டுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்க்கும் முன் சிவப்புப் பேனாவை எடுப்பார். துபாயில் இருக்கும் என் அக்கா முறை ஒருத்தி, முகநூலில் தன் பெயரை முன்னால் எழுதி அவள் அப்பா பெயரைப் பின்னால் போட்டாள். "பெத்தவனப் பின்னாடி தள்ளிட்டா பாரு" என்று ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவளுடைய சொந்த அப்பா கூட அவ்வளவு வருத்தப்படவில்லை.

இந்த வீட்டில் வளர்ந்தவள் நான். ஞா. பிரிசில்லா. முதலில் ஞா, பிறகு ஒரு புள்ளி, அதன் பிறகுதான் நான்.

வேலையில் முதல் மூன்று மாதம், பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பதிலும், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அக்கா" என்று சொல்வதிலும் மானத்தோடு கழிந்தது. நான்காவது மாதத்தில் ராணி செத்துப்போனாள்.

ராணி என்பது ஒரு கம்ப்யூட்டர். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த சுரேஷ் வைத்த பெயர் அது. பேக்கிங் பிரிவில் நான்கு கம்ப்யூட்டர்கள் உண்டு. எந்தப் பெட்டியில் எந்த ஷூ, என்ன சைஸ், எந்த நாட்டுக்கு என்ற விவரமெல்லாம் ராணியிடம் இருக்கும். அந்த நான்கும் ராணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கும், ராணி சொல்வாள், லேபிள் அச்சாகி வரும். லேபிள் ஒட்டாத பெட்டி லாரியில் ஏறாது. ஆக, தோல் வெட்டுவதிலிருந்து தையல் வரை ஆயிரம் பேர் பாடுபட்டாலும் கடைசியில் ராணி வாய் திறந்தால்தான் ஷூ ஊரைத் தாண்டும்.

ஒரு வியாழக்கிழமை அவளிடமிருந்து கருகிய வாசனை வந்தது. அத்தோடு முடிந்தது. அத்தாவுல்லா சார் உடனே புது கம்ப்யூட்டர் வரவழைத்தார். சென்னையிலிருந்து ஒருவர் வந்து லினக்ஸ் போட்டு, பழைய விவரங்களை அதில் ஏற்றி, "பேரு மட்டும் நீங்களே வச்சுக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் தொழுகைக்காக மெஷின்கள் எல்லாம் நிற்கும் நேரம். அத்தாவுல்லா சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டே என் மேசைப் பக்கம் வந்தார்.

"புதுசுக்கு ராணின்னு ஹோஸ்ட்நேம் வச்சு, நாலு கம்ப்யூட்டரும் அதக் கண்டுபிடிக்கிற மாதிரி பண்ணிடும்மா. நாளைக்கு கண்டெய்னர் போவுது. ஜும்மா முடிஞ்சு வர்றதுக்குள்ள ஆயிடுமா?"

"ஆய்டும் சார்" என்றேன். (மறுபடியும் அந்தப் பெங்குவின்தான் பேசியது.)

அவர் போனதும் போனை எடுத்து இணையத்தில் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குள் ஒரு தைரியம் வந்தது. ஏனென்றால் விஷயம் ரொம்பச் சுலபமாக இருந்தது. ஹோஸ்ட்நேம் என்றால் கம்ப்யூட்டரின் பெயர். டொமைன் என்றால் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் பெயர். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும்; அதில் வரிக்கு ஒரு நம்பர், நம்பருக்கு எதிரே பெயர். அதாவது வகுப்பு வருகைப் பதிவேடு. வாத்தியார் மகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பேக்கிங் பிரிவில் முதல் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தேன். பழைய ராணியின் நம்பருக்கு எதிரே சுரேஷ் இப்படி எழுதிவைத்திருந்தான்:

rani.shoe.lan

எங்கள் கம்பெனிக் கம்ப்யூட்டர்களின் குடும்பப் பெயர் shoe.lan. சரி. இவள் பெயர் rani. அதுவும் சரி. நடுவில் புள்ளி. ரொம்பச் சரி. ஆனால் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? பின்னால்!

என் உடம்பில் ஓடும் அப்பாவின் ரத்தம் சூடாகியது. ராணி புள்ளி ஷூ புள்ளி லேன். இது என்ன, துபாய் அக்காவின் முகநூலா? ஒரு இன்ஜினியர், இனிஷியலை எங்கே போடுவது என்று கூடத் தெரியாமல், இத்தனை வருடம் இந்தக் கம்பெனியில் குப்பை கொட்டியிருக்கிறான். நான்கு கம்ப்யூட்டரிலும் அதே தப்பு.

திருத்தினேன். புது நம்பரைப் போட்டு, எதிரே shoe.lan.rani என்று எழுதினேன். நான்கு கம்ப்யூட்டரிலும் பழைய வரியை மிச்சமில்லாமல் அழித்தேன். புது கம்ப்யூட்டருக்கும் அதே பெயரைச் சூட்டினேன். குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அப்புறம் பிங் செய்தேன். பிங் என்பது வேறொன்றும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டு "உள்ளேன் ஐயா" என்று பதில் வருகிறதா என்று பார்ப்பது. நான்கு கம்ப்யூட்டரிலிருந்தும் shoe.lan.rani என்று கூப்பிட்டேன். நான்கிலும் உடனே பதில் வந்தது. நானே எழுதிவைத்த பெயரை நானே கூப்பிட்டால் பதில் வராமல் என்ன செய்யும் என்று அப்போது தோன்றவில்லை.

உடனே அப்பாவுக்கு போன் செய்தேன்.

"அப்பா, இங்க முன்னாடி இருந்தவன் இனிஷியல பின்னாடி போட்டு வச்சிருந்தான்ப்பா. எல்லாத்தையும் திருத்திட்டேன்."

அப்பா முதலில் உச்சுக்கொட்டினார். பிறகு, "அவன் இன்ஜினியரிங் படிச்சு இன்னா பிரயோஜனம்" என்றார். அவர் என்னை அதற்கு மேல் பாராட்டியதே இல்லை. அன்று எலுமிச்சை சாதம் எனக்குப் பிரியாணியாக இறங்கியது.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, முதல் லேபிளை அச்சடிக்கப் போய், லோகு அண்ணன் கத்தினார். லோகு அண்ணன் என்கிற லோகநாதன், டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். இருபது வருடமாகப் பெட்டிகளை நாடு நாடாக அனுப்புகிறவர். அவர் வாணியம்பாடியில் நின்று கூப்பிட்டால் ஆம்பூரில் திரும்பிப் பார்ப்பார்கள்.

"பிரிசில்லாம்மா! ராணியக் காணோம்ன்னுது!"

போய்ப் பார்த்தேன். நான்கு கம்ப்யூட்டரிலும், rani.shoe.lan என்ற பெயரில் யாரையும் தெரியாது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (ஆம், சிரித்தேன். பேக்கிங் பிரிவில் நாற்பது பெண்கள் சாட்சி.) லேபிள் புரோகிராமுக்குள்ளும் சுரேஷ் அதே தப்பான பெயரை எழுதிவைத்திருக்கிறான், அதையும் திருத்தினால் முடிந்தது.

"பத்து நிமிஷம்ண்ணே" என்றேன்.

அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாக நீண்டது. புரோகிராமுக்குள் அந்தப் பெயர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே கண்டெய்னர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. லேபிள் இல்லாத பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, ஜன்னலை மறைத்து, மின்விசிறியைத் தொடப் பார்த்தன. எனக்கு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் என் போட்டோ ஞாபகம் வந்தது. அது என்னைப் பார்த்து, "வா வா" என்றது.

வெட்கத்தை விட்டு சுரேஷுக்கு போன் செய்தேன். அவன் ஓசூரில் வேறு வேலைக்குப் போயிருந்தான். அன்று பஸ்ஸில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் டேப் ஒட்டும் சத்தம், அந்தப் பக்கம் பஸ்ஸின் பாட்டு. ஒன்றும் காதில் விழாததால் ஸ்பீக்கரில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் அழுத்திய மிக மோசமான பட்டன் அது.

நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவன் பாதியில் புரிந்துகொண்டு கத்தினான்.

"ஏங்க, ஆர்டர் மாறிப்போச்சுங்க! ஆர்டர் தப்பு! பின்னாடி வர வேண்டியது முன்னாடி வந்திருக்கு! நாலுலயும் தொறந்து பாருங்க! ஒண்ணு விடாம எல்லாத்தையும் தொறந்து பாத்து..."

லைன் போய்விட்டது. மறுபடி அடித்தேன். மணி போகவில்லை.

பெயரின் வரிசை மாறிவிட்டது, நான்கு கம்ப்யூட்டரிலும் ஃபைலைத் திறந்து பார் என்று அவன் சொன்னான். ஆனால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நின்றுகொண்டு "ஆர்டர்" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்டர். ஆர்டர் மாறிப்போச்சு என்றால், ஒரு நாட்டு ஷூ இன்னொரு நாட்டுப் பெட்டிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். டிஸ்பாட்ச்சில் இருப்பவர்கள் கெட்ட கனவு கண்டு விழித்தெழுவது இந்த வார்த்தையைக் கேட்டுத்தான்.

லோகு அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னாது? ஆர்டர் மாறிடுச்சா? பின்னாடி போற ஆர்டர் முன்னாடி வந்துடுச்சா? அதனாலதான் லேபிள் வர்லயா?"

இங்கேதான் நான் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் அப்படிச் சொல்லவில்லையோ என்று எனக்குள் ஒரு மூலையில் சந்தேகம் எட்டிப்பார்த்தது. ஆனால் அதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று வந்து அதைத் தள்ளிவிட்டது. அப்பாடா, தப்பு என்னுடையது இல்லை! பெட்டிதான் தப்பு!

"அப்படித்தாண்ணே இருக்கும்" என்றேன்.

லோகு அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். "நிறுத்து! எல்லாரும் நிறுத்து! பெட்டியப் பிரி! ஒண்ணு விடாம தொறந்து பாரு!"

பிரித்தார்கள். ஒரு பெட்டியில் பன்னிரண்டு ஜோடி. நூற்றி எண்பது பெட்டி. டேப் கிழியும் சத்தத்தில் வெளியே லாரி டிரைவரே ஹாரனை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். ஒவ்வொரு ஷூவையும் எடுத்து, சைஸ் பார்த்து, வலது இடது பார்த்து, தரையில் வரிசையாக வைத்தார்கள். நானும் உட்கார்ந்து ரொம்ப அக்கறையோடு ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எல்லா ஷூவும் சரியாகவே இருந்தன. அது எனக்குக் கலக்கமாக இருந்தது.

"எல்லாம் கரெக்டாதான இருக்கு" என்று ஒரு அக்கா சொன்னார்.

"நல்லாப் பாருங்கக்கா, எங்கியாவது இருக்கும்" என்றேன் நான். (இதை என் கல்லறையில் எழுதலாம்.)

பன்னிரண்டு மணிக்கு அத்தாவுல்லா சார், லாரி இந்நேரம் வேலூரைத் தொட்டிருக்கும் என்ற நம்பிக்கையோடு உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். காலை வைக்க இடமில்லை. ஊரில் ஒரு பெரிய கூட்டம் நடந்து, எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனது போல, ஹால் முழுக்க ஷூ.

"லோகு, இன்னா பேஜார் இது?"

"ஆர்டர் மாறிடுச்சு சார். சுரேஷு போன்ல சொன்னான். பிரிசில்லாம்மாவும் சொல்லிச்சு."

சார் என்னைப் பார்த்தார். "சுரேஷ் ஓசூர்ல இருக்கான். இங்க பெட்டிக்குள்ள இருக்கிற ஷூ அவனுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. நாற்பது பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

சார் தன் போனில் சுரேஷைக் கூப்பிட்டார். இந்த முறை மணி போனது. அவரும் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஷூ ஆர்டர் இல்ல சார்! ராணி பேரோட ஆர்டர் சார்! ராணி முன்னாடி வரணும், ஷூ லேன் பின்னாடி வரணும். அவங்க திருப்பி எழுதியிருக்காங்க. பெட்டியயா தொறந்தீங்க? ஃபைல தொறக்கச் சொன்னேன் சார்!"

சார் போனை வைத்தார். மிக மென்மையான குரலில், "இங்க வாங்க மேடம்" என்றார்.

மேடம்! இந்த நேரத்தில் புத்தியுள்ள எவளும் மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் வாதாடினேன்.

"சார், இனிஷியல் முன்னாடிதான சார் வரும்? புள்ளி வச்சா அதுக்கு முன்னாடி இருக்கிறதுதான இனிஷியல்? ஞா புள்ளி பிரிசில்லா. ஷூ புள்ளி லேன் புள்ளி ராணி."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை, யோசித்தார்கள். அங்கே இருந்த எல்லாருக்கும் இனிஷியல் முன்னால்தான். சொல்லப்போனால் பாதிப் பேர் நான் சொல்வதுதான் நியாயம் என்பது போலத் தலையாட்டினார்கள்.

லோகு அண்ணன்தான் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார். அதன் பக்கத்தில் விலாசம் அச்சடித்திருந்தது.

"பிரிசில்லாம்மா, எனக்கு உங்க கம்ப்யூட்டரு தெரியாது. இதப் படி. மேல இன்னா இருக்கு?"

"ஆள் பேரு."

"அப்றம்?"

"கம்பெனி. தெரு. ஊரு."

"கடைசில?"

"ஜெர்மனி."

"சின்னது முன்னாடி, பெருசு பின்னாடி. கம்ப்யூட்டருக்கு இது விலாசம்மா, கையெழுத்து இல்ல. ஜெர்மனிய முன்னாடி போட்டு ஆள் பேரக் கடைசில போட்டா, கப்பல்காரன் எவன்டா இவன்னு கேப்பான்."

அவ்வளவுதான். இணையத்தில் ஒரு மணி நேரம் படித்தும் எனக்கு உறைக்காதது, ஒரு அட்டைப் பெட்டியில் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்கு கம்ப்யூட்டரிலும் ஃபைலைத் திறந்து rani.shoe.lan என்று எழுதினேன். புது கம்ப்யூட்டரின் பெயரையும் மாற்றினேன். எல்லாமாகச் சேர்த்து ஏழு நிமிடம். சோதனைக்கு ஏதாவது ஒன்றை அடிக்கச் சொல்லி லேபிள் புரோகிராம் கேட்டது. கை தானாக என் பெயரை அடித்தது. பிரிண்டர் ஒரு முறை முனகிவிட்டு, G.PRISCILLA என்று ஒரு லேபிளை நீட்டியது. ஹாலில் கைதட்டினார்கள்.

லோகு அண்ணன் அந்த லேபிளைக் கிழித்து எடுத்துப் பார்த்தார். "இன்னாம்மா, இதுலயும் அப்பாதான் முன்னாடி நிக்கிறாரு" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு நூற்றி எண்பது பெட்டியையும் மறுபடி அடுக்கினோம். அத்தாவுல்லா சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு டேப் ஒட்டினார். அவர் பக்கத்தில் நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் என்னிடம் பேசியது "கொஞ்சம் நகருங்க மேடம்" என்பது மட்டும்தான். பதினோரு மணிக்குப் போக வேண்டிய லாரி நாலரை மணிக்குப் போனது. அன்று ராத்திரிக்குள் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையாவிட்டால் கப்பல் தவறிவிடும் என்று லோகு அண்ணன் சொன்னார். தவறினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். பி.எட். ஆகும்.

அன்று சாயந்திரமே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைத் தவிர. பெயரைத் திருப்பி எழுதியதை மட்டும். அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"நீ செஞ்சது சரிதான். கம்ப்யூட்டர்தான் தப்பு" என்றார்.

எனக்கு அப்போது அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பழக்கமெல்லாம் இல்லாததால், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் போதகர் என்ன பிரசங்கித்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். பைபிளுக்குள் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காணிக்கை எடுக்கும்போது சாரிடமிருந்து ஒரு வரி வந்தது: "கண்டெய்னர் உள்ளே போயிடுச்சு. நாளைக்கு வந்து என்னைப் பாருங்க." பாருங்க! மேடம் இல்லை என்பது ஆறுதல். ஆனால் "பாரு" இல்லையே.

திங்கட்கிழமை காலை அவர் அறைக் கதவைத் தள்ளினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காரும்மா" என்றார்.

அந்த ஒரு "ம்மா"வுக்காக நான் அந்தக் கம்பெனிக்கு ஆயுள் முழுக்க உழைக்கலாம் என்று தோன்றியது.

"லினக்ஸ் தெரியாதுன்னு இண்டர்வியூலயே எனக்குத் தெரியும். கத்துக்குவேன்னு நெனச்சுதான் எடுத்தேன். பேரு தப்பா எழுதினதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா லோகு பெட்டியப் பிரிக்கும்போது, தப்பு உன்னுதா இருக்குமோன்னு உனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு சார்."

"வாய தொறக்கலியே. அதுக்குதான் சோதனைக் காலம் மூணு மாசம் ஜாஸ்தி."

நான் வீட்டுக்கு வந்து இந்த முறை பெட்டி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா விண்ணப்பத்தை எடுத்தார். ஆறு மாதம் என்று மூலையில் பென்சிலால் குறித்திருந்ததை அழித்து ஒன்பது என்று எழுதி, மறுபடி கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஒன்பதாவது மாதம் வேலை நிரந்தரமான அன்று அந்த இடத்தில் ஒரு காலண்டர் இருந்தது.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரூபன், அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. நல்ல மனிதர். கல்யாணத்துக்கு முந்தின வாரம், "உன் இனிஷியல என் பேருக்கு மாத்திக்கிறியா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "ஒரு தடவ டொமைன மாத்திட்டு நான் பட்டது போதும்" என்று சொல்லி அவருக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. இன்றைக்கும் என் இனிஷியல் ஞாதான்.

வரவேற்பன்று லோகு அண்ணன் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். உள்ளே குக்கர். வெளியே, கம்பெனி பிரிண்டரில் அச்சடித்த ஒரு லேபிள்: PRISCILLA.GNANAMUTHU.VELLORE. அதன் கீழே பேனாவால், "ஆர்டர் சரி பார்க்கப்பட்டது. இப்படிக்கு, லோகு." பின்னால் வந்த அத்தாவுல்லா சார் மைக்கை வாங்கி, என் மாமியார் உட்பட முந்நூறு பேருக்கு முன்னால் கதையைச் சொன்னார். நூற்றி எண்பது பெட்டி என்று அவர் நியாயமாகத்தான் சொன்னார். அதை ஐந்நூறு ஆக்கியது ரூபன்.

குக்கர் அரக்கோணத்துக்குப் போனது. லேபிள் போகவில்லை. மறுமுறை நான் வேலூருக்கு வந்தபோது அது அப்பாவின் பீரோவில் ஒட்டியிருந்தது. எதைப் பார்த்தாலும் சிவப்புப் பேனாவை எடுக்கிற மனிதர், தன் பெயர் இரண்டாவதாக நிற்கும் ஒரு லேபிளை, ஓரம் சுருங்காமல், அளந்து ஒட்டியிருந்தார்.

"இன்னாப்பா, உங்களப் பின்னாடி தள்ளி வச்சிருக்காங்க, திருத்தலியா?" என்று கேட்டேன்.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அப்பன் பின்னாடி நின்னாதான் ராணியக் கண்டுபுடிக்க முடியும்னு நீதான சொன்ன" என்றார்.